உண்பவர் குற்றமா?



நோயுற்ற ஒருவனைக் கண்டதும் உலகத்தார் முதற்கண் கேட்கும் கேள்வி, "என்ன தின்றாய்?" என்பதே. இக்கேள்வியில் பரிவும் உண்டு, பழியும் உண்டு. நாவை அடக்கியிருப்பானாயின் நீரிழிவு வந்திருக்குமா? நாள்தோறும் கீரையும் பருப்பும் உண்டிருப்பாளாயின் இரத்தம் குன்றியிருக்குமா? உணவு அவரவர் விருப்பம். விருப்பம் அவரவர் குணம். குணம் கெட்டமையால் உடலும் கெட்டது என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். யாமும் நெடுங்காலம் இம்முடிபையே உண்மையெனக் கொண்டிருந்தோம். கொண்டிருந்ததோடு அமையாது, மேடையேறிப் போதித்தும் வந்தோம். அது முழு உண்மையன்று என்பதை எமக்கு உணர்த்தியவர் நூல் பல கற்ற புலவர் ஒருவருமல்லர்; டில்லி மாநகரில் வீட்டுவேலை செய்து பிழைக்கும் ஓர் அம்மையார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் டில்லியின் தென்பகுதியில் நம்மவர் வாழும் ஒரு குடியிருப்பில் ஞாயிறு மாலை அறவுரை நிகழ்த்தினோம். அன்றைய பொருள் உணவு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிகளை வாசித்துக் குறிப்பெடுத்துச் சென்றிருந்தோம். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குக் காயும் கீரையுமாக 400 கிராமும், பழம் 100 கிராமும் உண்ணல் வேண்டும். தானியத்தைக் குறைத்துப் பருப்பு முதலியவற்றைக் கூட்டல் வேண்டும். இந்நாட்டு மக்களின் நோய்ச்சுமையில் நூற்றுக்கு 56 பங்குக்கு மேல் தவறான உணவினால் வருவது என்பன அவற்றுட் சில. இவற்றை யெல்லாம் எடுத்துரைத்து, "அம்மணிகளே! பொட்டலத் தீனியைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள், காய்கறியைச் சமைத்துப் போடுங்கள், சோம்பலை விடுங்கள்" என்று முடித்தோம்.

அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக இந்நகரில் உழைப்பவர். அவர் கோபித்துப் பேசவில்லை.

"ஐயா, நான் நாலு வீட்டிலே காய் நறுக்குறேன். காலையிலே ஆறு மணிக்குப் போனா மதியம் ரெண்டு மணி வரைக்கும் நறுக்குறதும் கழுவுறதும்தான். அந்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் நீங்க சொல்ற மாதிரிதான் சாப்பிடுது. என் வீட்டுக்கு வந்தா தண்ணி லாரிக்கு நிக்கணும். என் பிள்ளைக்கு எந்த நேரத்திலே நான் நறுக்கட்டும்? அதையும் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

எமக்கு விடை தெரியவில்லை. கூட்டத்திலும் எவரும் பேசவில்லை. சோம்பல் என்ற சொல்லை யார்மேல் எறிந்தோம் என்று அப்பொழுதுதான் கண் திறந்து பார்த்தோம். எம் முன்னிலையில் அமர்ந்திருந்தோரில் சோம்பியிருந்தவர் ஒருவருமிலர். அன்று இரவு இல்லம் திரும்பிய பின்னரும் அவர் வினா எம்மை விடவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிற்கு யாம் காலந்தாழ்த்திக் கூறும் விடையாகும்.

முதலில், உணவினால் வரும் நலிவு பிறப்பினால் வருவதன்று என்பதனைத் தெளிதல் வேண்டும். மேற்சொன்ன ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ஆம் ஆண்டில் நம் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில், பெரிபெரி என்னும் நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கப்பெற்றதாகும். 1958-ஆம் ஆண்டில்தான் ஐதராபாத்துக்குச் சென்றது. அதனைத் தோற்றுவித்த ராபர்ட் மக்காரிஸன் என்னும் மருத்துவர் ஓர் அரிய சோதனை செய்தார். சீக்கியர் வலிய உடலினராகவும் சென்னை மாகாணத்தார் மெலிந்தவராகவும் இருப்பதற்கு இனமும் குலமுமே காரணமென்று அக்காலத்தில் பலர் கருதினர். மக்காரிஸனோ ஒரே வளர்ப்பிற் பிறந்த எலிக்குட்டிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்தார். ஒரு கூட்டத்திற்குச் சீக்கியர் உண்ணும் கோதுமை ரொட்டி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, காய்கறி முதலியன. இன்னொரு கூட்டத்திற்குச் சென்னை ஏழைகள் உண்ணும் சோறும், மிகச் சிறிதளவே பிறவும். இவ்வாறே மராட்டியர், வங்காளியர் முதலியோர் உணவை ஏனைய கூட்டங்களுக்கும் இட்டார். சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. சென்னை உணவை உண்டவை கடைநிலையில் நின்றன. எலிகளுக்குக் குலமேது? வளர்ப்பு ஒன்று; தட்டு மட்டும் வேறு. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பார்க்கு இதனினும் தெளிவான மறுப்பு எதுவுளது?

பெரிபெரியின் வரலாறும் இதனையே கூறும். அரிசியின் மேலுறையில் உள்ள தயாமின் என்னும் சத்து, ஆலையில் தீட்டுங்கால் தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லைப் புழுக்கி அரைப்பின் அச்சத்து மணியின் உட்புறம் சென்று ஒருவாறு தங்குகிறது. ஆதலின் தீட்டிய பச்சரிசியையே உண்ட வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் அந்நோய் மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்டோரிடையே அரிதாயிருந்தது. வெள்ளை அரிசியை விரும்பியவர் தம் நாவினால் பாவம் செய்தவரல்லர். ஊருக்கு ஆலை வந்தது, உரல் ஓய்ந்தது, கடையில் கிடைத்ததை வாங்கி உண்டனர். நோயின் வேர் நாவில் இல்லை. அரவை ஆலையில் இருந்தது.

ஆலை என்றதும் எம் வாழ்வையே ஈண்டுச் சான்றாகக் கூறத் துணிகிறோம். யாம் இளமையில் டில்லியில் ஒரு பஞ்சாலையில் உழைத்தோம். அதன் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. 250 பேருக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடங்களில் உணவுச்சாலை அமைக்கச் செய்ய 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. அதன் பயனாக எம் ஆலையிலும் கான்டீன் இருந்தது. குறைந்த விலைக்கு ரொட்டி, பருப்பு, ஒரு காய்க்கூட்டு, வெங்காயம், சில நாட்களில் தயிர் கிடைக்கும். ஷிப்டு மணி அடித்தால் உண்போம். மணி அடித்தால் எழுவோம். அந்நாளில் எம் உடல் நன்றாயிருந்தது. வெளியில் கண்டதை உண்டு வயிறு கெட்டோரைக் காணும்போது, "இவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று யாம் இகழ்ந்ததும் உண்டு.

1996-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உச்சநீதிமன்றம், டில்லியில் தீங்கு விளைக்கும் தொழிற்சாலைகள் 168-ஐ அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாளுக்குள் மூடுமாறு ஆணையிட்டது. நகரின் காற்றுக்கு அது நன்மையாயிருக்கலாம். அதனை ஈண்டு ஆராயப் புகவில்லை. அக்காலத்தே ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன; எம் ஆலையும் ஓய்ந்தது. கான்டீனும் போயிற்று, மணியும் போயிற்று. சுமை தூக்கினோம், இரவுக் காவலாளியாய் நின்றோம். காலையில் சர்க்கரை மிகுந்த தேநீரும் ரஸ்கும். நண்பகலில் தெருவோரத்தில் பிரட் பக்கோடா அல்லது சமோசா. இரவில் விழித்திருக்க மீண்டும் மீண்டும் தேநீர். வயிறு நிறைந்தது, கைக்காசுக்கும் அது கட்டியது. நாற்பதாம் அகவை தாண்டுமுன் நீரிழிவு வந்தது. எம்மைச் சோதித்த மருத்துவர் ஒருவர் தாளினின்றும் தலையெடாமலே, "நாக்கைக் கட்டு" என்றார்.

அன்பர்காள்! ஆலையில் இருந்த யாமும் தெருவில் நின்ற யாமும் ஒருவரே அன்றோ? அதே நாக்கு, அதே மனம், பஞ்சசீலங்களும் அவையே. அன்று எம்மிடம் இருந்தது எம் கட்டுப்பாடு என்று எண்ணியிருந்தோம். உண்மையில் அதிற் பெரும்பங்கு கான்டீனுக்கும் ஆலைமணிக்கும் உரியது. மற்றவர் கட்டிவைத்த ஒழுங்கை எம் ஒழுக்கமென்று மயங்கினோம். அது போனபின் வந்த சீர்கேட்டையோ முழுவதும் எம் குற்றமென்று பிறர் எண்ணினர். இரண்டும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

தொழில் ஒன்றே உணவை வகுப்பது என்று கருதற்க. வீட்டினுள் ஆண், பெண் என்னும் வேற்றுமையும் வகுக்கிறது. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. அவ்வயது ஆண்களுள் நூற்றுக்கு 25 பேருக்கே அந்நோய். மாதவிலக்கும் மகப்பேறும் இவ்வேற்றுமைக்கு ஒரு காரணம். ஆயினும் கணவனுக்கும் மைந்தனுக்கும் இட்டது போக எஞ்சியதைக் கடைசியில் உண்பது யார் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு அடுப்படியில் பார்த்துக்கொள்ளலாம். முட்டை ஒன்றே இருப்பின் அது யார் தட்டில் விழுகிறது? "எனக்கு அது பிடிக்காது" என்று நம் அன்னையர் எத்தனை முறை சொல்லக் கேட்டிருக்கிறோம்! அது விருப்பமா, விருப்பத்தின் பெயரால் வந்த பழக்கமா?

நகரவாழ்வும் அவ்வாறே. அதே கணக்கெடுப்பில், எடை மிகுந்த பெண்கள் ஊர்ப்புறத்தில் நூற்றுக்கு 20 பேர் அளவினர். நகர்ப்புறத்தில் 33 பேர். 2023-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, நாட்டில் நீரிழிவுற்றோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்றது. ஆசியாவிலேயே பெரிய காய்கனி மண்டியாகிய ஆசாத்பூர் இந்நகரில்தான் உள்ளது. நாள்தோறும் லாரி லாரியாய் வந்திறங்கும் காய்கனிகளைக் கண்ணாரக் காணலாம். அதனினின்றும் சில மைல் தொலைவில் ஒற்றை அறையில் வாழும் குழந்தையின் கையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் இருக்கிறது. காரணம் யாது? பொட்டலத்தைக் கழுவ வேண்டா, நறுக்க வேண்டா, அடுப்பு வேண்டா, குளிர்ப்பெட்டி வேண்டா. இரவு பத்து மணிக்கும் அது சந்துமுனைக் கடையில் தொங்கும். மேற்சொன்ன நெறிப்படி வளர்ந்தோர் நால்வர் உள்ள வீட்டிற்கு நாளொன்றுக்குக் காயும் பழமும் இரண்டு கிலோ வேண்டும். அன்றாடக் கூலி பெறுவோர் வாடகையும் பேருந்துக் கட்டணமும் கொடுத்தபின் அதற்கு எவ்வளவு எஞ்சும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபின்னரன்றோ நாம் போதிக்கப் புகவேண்டும்?

இனி, நாடுவிட்டு நாடு பெயர்ந்தோர் நிலையைக் காண்போம். தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடையில் அரிசியோடு, 2007-ஆம் ஆண்டு முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்கு வழங்கப்பெற்று வருகின்றன. விழுப்புரத்திலிருந்து டில்லிக்கு வந்த ஒருவர், நாடெங்கும் ஒரே ரேஷன் கார்டு என்னும் திட்டத்தினால் தம் கார்டைக் காட்டி இங்கும் பொருள் பெறலாம். பெரிதும் வரவேற்கத்தக்க ஏற்பாடே. ஆயினும் அவர் பெறுவது 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆள் ஒன்றுக்குத் திங்கள்தோறும் ஐந்து கிலோ தானியம் மட்டுமே. நாளொன்றுக்கு ஏறத்தாழ 165 கிராம். பருப்பும் எண்ணெயும் மாநில எல்லையைக் கடந்து வருவதில்லை. ரயிலேறியதனால் அவருடைய தட்டிலிருந்து பருப்பு இறங்கிவிட்டது. இதனை அவருடைய சுவைமாற்றம் என்று கூறலாமா?

குடியிருப்பு மாறினும் உணவு மாறும். 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள், ஜங்புராவை அடுத்துப் பாராபுல்லா கால்வாயின் கரையில் பல்லாண்டுகளாக நம்மவர் வாழ்ந்த மதராஸி கேம்ப், உயர்நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பெற்றது. 370 குடியிருப்புகளுள் 189 குடும்பங்களே நகரின் வடகோடியாகிய நரேலாவில் வீடு பெறத் தகுதியுடையனவாக அறிவிக்கப்பெற்றன. கால்வாய் தூய்மையுற வேண்டும் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் தெற்கே வேலையும் வடக்கே வீடுமாகப் பிரிந்தால், நாள்தோறும் பேருந்தில் கழியும் மணிகள் எங்கிருந்து எடுக்கப்பெறும்? உறக்கத்திலிருந்தும் அடுப்படியிலிருந்தும்தானே! வீட்டுத்திட்டம் வகுப்போர் உலைப்பானையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சாதியைப் பற்றிக் கூறாமல் இப்பொருளை முடித்தல் இயலாது. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார்க் குளத்தில் ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். நீர் அனைவர்க்கும் பொதுவென்பதை நிலைநாட்ட அத்தனை போராட்டம் வேண்டியிருந்தது. நூறாண்டு நெருங்குகின்றது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகள் சத்துணவை உண்ண மறுத்தனர். பசியோடிருந்த பிள்ளையின் கையைத் தட்டினின்றும் விலக்கியது எது? அதன் நாவன்று; வீட்டில் ஊட்டப்பெற்ற வேற்றுமை. உணவினும் முன்னதாகவே அவ்வெண்ணம் குழந்தைக்கு ஊட்டப்படுகிறது.

ஈண்டு ஒரு தடை எழும். "எல்லாம் தொழில், எல்லாம் சாதி, எல்லாம் சர்க்கார் என்று கூறின், ஒழுக்கம் என்பதற்கு இடமேது? ஒரே குடியிருப்பில், ஒரே கூலியில், ஒருவன் பருப்பு வாங்குகிறான். ஒருவன் மது வாங்குகிறானே! அவ்விருவரும் சமமா?" என்று கேட்பார் கேட்கலாம். நியாயமான தடையே. இருவரும் சமமல்லர். எண்ணித் துணிந்து செய்யும் செயலுக்குச் செய்தவனே உரிமையாளன் என்பது பகவன் புத்தரின் அடிப்படைப் போதனை. அதனை யாம் தளர்த்தவில்லை. ஆனால் எண்ணித் துணிதற்கு இடமுள்ளவனுக்கன்றோ அது பொருந்தும்? இரண்டு வழி உள்ளவன் தீயதைத் தேர்ந்தான் எனின் அவனைத் திருத்தலாம். ஒரே வழி உள்ளவனை நோக்கி, "ஏன் மற்றதைத் தேரவில்லை?" எனல் அறியாமை, உயர்ந்த இருக்கையிலிருந்து அதனைக் கூறல் கொடுமை.

கோசல நாட்டு மன்னன் பசேனதியின் கதையை நீவிர் அறிவீர். தோணம் என்னும் பேரளவுச் சோற்றை ஒருவேளைக்கே உண்டு, மூச்சு வாங்க வந்து பகவன் முன் அமர்ந்தான். பகவன் அளவறிந்து உண்பதன் நலத்தை ஒரு சிறு பாட்டில் அருளினார். இதுவரை யாவரும் சொல்வர். இதன்மேல் நடந்ததைப் பலர் விட்டுவிடுவர். மன்னன் தன் மனவலியை மட்டும் நம்பவில்லை. சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அழைத்து, "இப்பாட்டைக் கற்றுக்கொள், யான் உண்ணும்தோறும் என் அருகில் நின்று சொல்" என்று ஏற்பாடு செய்தான், அதற்காக நாள்தோறும் நூறு கஹாபணம் கொடுத்தான். நாளடைவில் ஒரு நாழியரிசிச் சோற்றளவில் அவன் உணவு நின்றது, உடலும் நலமுற்றது.

நாடாளும் மன்னனுக்கே நல்லுணவுப் பழக்கம் தனிமனத்தால் வரவில்லை. பக்கத்தில் ஒருவன் நின்று நினைவூட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பொருளும் வேண்டியிருந்தது. இன்று ஏழையின் பக்கத்தில் நிற்பவன் யார்? விளம்பரக்காரன். அவனும் ஒவ்வொரு வேளையும் தவறாமல் பாட்டுப் பாடுகிறான். "இன்னும் தின்" என்று பாடுகிறான்.

எனவே எம் முடிபு இது. காரணங்கள் சங்கிலியாய்த் தொடர்ந்து வருகின்றன. அச்சங்கிலியில் ஒரு கண்ணி உண்பவர் கையில் உள்ளது. ஒன்று கணவன் கையில். ஒன்று கூலி கொடுப்பவர் கையில். ஒன்று வணிகன் கையில். ஒன்று அரசின் கையில். எவர் கைக்கு எந்தக் கண்ணி எட்டுமோ, அவ்வளவே அவர் பொறுப்பு. அவ்வளவுக்கு அவர் பொறுப்பே. கை எட்டாதவனைக் கடிதலும் தவறு. கை எட்டுபவன் வாளாவிருத்தலும் தவறு.

அரசின் கைக்கு எட்டும் கண்ணியை இழுத்தால் என்ன நிகழும் என்பதை நம் தமிழகமே காட்டியுள்ளது. 1920-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்கத் தொடங்கிற்று. 1956-ஆம் ஆண்டில் காமராசர் மதிய உணவை நாடெங்கும் பரப்பினார். 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 1989-இல் இரு வாரத்திற்கு ஒன்றாய் வந்த முட்டை, 2010-இல் வாரத்திற்கு ஐந்தாயிற்று. 2001-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம், இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு அளித்தல் வேண்டுமென ஆணையிட்டது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. பலகுலத்துப் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பழக்கத்தை எந்தப் போதகன் இத்துணை விரைவில் உண்டாக்கியிருப்பான்? மணிமேகலை அமுதசுரபியோடு சிறைக்கோட்டம் புகுந்தபோது கைதிகளுக்கு ஒழுக்கம் கூறி மீளவில்லை, முதலில் உணவிட்டாள், பின்பு மன்னனிடம் கேட்டு, அச்சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள்.

அரசு செய்யும் என்று நாம் கைகட்டி இருத்தலும் ஆகாது. பகவன் ஆளவி நகருக்கு எழுந்தருளியபோது, அறங்கேட்க விழைந்த ஓர் ஏழை உழவன் காணாமற்போன எருதைத் தேடி அலைந்து, பசியோடு காலந்தாழ்த்தி வந்தான். கூட்டமெல்லாம் காத்திருந்தது. பகவன் முதலில் அவனுக்குச் சோறிடச் செய்து, அவன் பசி தீர்ந்தபின்னரே வாய் திறந்தார். போதகனாகிய எமக்கு அக்கதை பலமுறை வாய்ப்பாடம். அன்றைய ஞாயிறு மாலையில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

அவ்வம்மையாரின் வினாவை மறுபடியும் எண்ணியபோது ஒன்று புலனாயிற்று. அவர் அருகிலேயே அவர் கணவரும் அமர்ந்திருந்தார். அவருக்கும் கைகள் உண்டு. காய் நறுக்கப் பெண்ணின் கைதான் வேண்டும் என்று எந்த அறநூல் விதித்தது? யாமோ, "அம்மணிகளே!" என்று விளித்துப் பாதி மக்களுக்கே போதித்திருந்தோம். உண்போர் அனைவரும், நறுக்குவோர் பெண்டிர் மட்டுமோ?

மறுமுறை அக்குடியிருப்பிற்குச் சென்றபோது அறவுரையைக் குறைத்துக்கொண்டோம். "அம்மா, அன்று சோம்பல் என்று கூறியது எம் பிழை, பொறுத்தருள வேண்டும்" என்று அனைவர் முன்னிலையிலும் கூறினோம். பின்பு ஆடவரை அழைத்து முன்னால் அமர்த்தி, அரிவாள்மணையையும் கத்தியையும் வைத்தோம். முதலில் நகைத்தார்கள். ஓர் இளைஞர் வெங்காயத்தோடு விரலையும் நறுக்கிக்கொண்டார். இன்று அங்குச் சில வீடுகளில் ஆடவர் இரவில் காயும் கீரையும் ஆய்ந்து வைக்கிறார்கள். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, ஒருவரை ஆசாத்பூருக்கு அனுப்பி மொத்தமாய் வாங்கிப் பகிர்ந்துகொள்கின்றன. மற்றவர் புதன்கிழமைச் சந்தையில், கடை கட்டும் நேரத்தில் விலை தணிந்தபின் வாங்குகிறார்கள். அச்சந்தையை இந்நகரத்தார் 'புத் பஜார்' என்பர். பகவன் பெயரால் நடக்கும் சந்தை போலும் என்று யாம் வந்த புதிதில் மகிழ்ந்ததும், அது புதனைக் குறிப்பதென அறிந்து நாணியதும் உண்டு.

எல்லாம் சீராயிற்று என்று கூறமாட்டோம். சில வீடுகளில் கத்தி பழைய கைக்கே திரும்பிவிட்டது. பருப்பு இன்னும் ரேஷனில் வரவில்லை. அதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் லாரியும் தனக்கு வேண்டிய நேரத்திற்கே வருகிறது. அவ்வம்மையாரைப் பின்னர் ஒருநாள் கண்டோம். "இப்பொழுது எப்படியம்மா?" என்று வினவினோம். "அவரு நறுக்குறாரு ஐயா, ரொம்பப் பெரிசு பெரிசா நறுக்குறாரு. ஆனா பிள்ளை சாப்பிடுது" என்றார்.

ஆதலின் அன்பர்காள்! இனி நோயுற்றவரைக் காணின், "என்ன தின்றாய்?" என்று கேட்குமுன், "உனக்குத் தின்னக் கிடைத்தது என்ன? சமைக்க நேரம் கிடைத்ததா? உன் வீட்டில் யார் கடைசியில் உண்கிறார்?" என்று கேட்போமாக. கேட்டபின், அச்சங்கிலியில் நம் கைக்கு எட்டும் கண்ணி யாது என்று தேடுவோமாக. அது ஒரு விண்ணப்பமாக இருக்கலாம். கூலியில் ஒரு சிறு உயர்வாக இருக்கலாம். அல்லது நம் வீட்டு அரிவாள்மணையாகவே இருக்கலாம். அதனைக் கையிற் பற்றியபின் போதிக்கப் புகின், கேட்போரும் கேட்பர். நாமும் நாணாது பேசலாம்.